அஞ்சுகம் அக்கா குளிப்பாட்டிய மெஷின்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் 'உத்திராபதி மோட்டார் வைண்டிங்' என்று ஒரு தகரப் பலகை தொங்குகிறது. உத்திராபதி 1976-லேயே துபாய்க்குப் போய்விட்டார். பலகையை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடையில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய மனைவி அஞ்சுகம்.

புதிதாக வருகிறவர்கள் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கேட்பார்கள்.

"மெக்கானிக் இல்லீங்களா?"

"இருக்காங்க. நில்லுங்க."

அக்கா உள்ளே போவார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அதே வாசலுக்குத் திரும்பி வருவார்.

"சொல்லுங்க, என்னா கம்ப்ளெயிண்டு?"

இதை நான் என் கண்ணால் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை, வந்தவர் மோட்டாரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவரே திரும்பி வந்தார். அக்கா எதுவும் நடக்காததுபோல், "நேத்து தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தேன், ஆளக் காணும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் மண்டபத்தூரில் பிறந்தவர். அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன் விசைப்படகு வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்புவரை படிப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் கணவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணுவார். முந்நூறு சுற்றுக்கு மேல் போகும்போது யாராவது வாசலில் கூப்பிட்டால் கணவருக்கு எண்ணிக்கை விட்டுப்போகும். அக்காவுக்கு விடாது. கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே விரலை மடக்கிக்கொண்டிருப்பார். கணவர் துபாய்க்குப் போனபோது, எண்ணத் தெரிந்த கைக்குச் சுற்றவும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் அவர் தொழிலுக்கு வந்த கதை.

நான் அவரிடம் போனது 1986 ஐப்பசியில், ஒரு டேபிள் ஃபேனோடு. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஃபேனை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஃபேனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீ தருமபுரம் சொக்கநாதன் மவதான? பிரான்சுலேருந்து கம்ப்யூட்டரு கொண்டாந்தாரே, அவரு?"

ஆமாம் என்றேன்.

"அது எங்க இருக்கு?"

"வீட்டுலதான் இருக்கு. ஓடாது."

"யாரு ஓட்டிப் பாத்தா?"

"யாரும் பாக்கல."

"அப்பறம் ஓடாதுன்னு எப்புடிச் சொல்ற?"

ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது.

அப்பா பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே கம்ப்யூட்டர் செய்தார்கள். இன்று நாம் படத்தில் பார்ப்பதுபோல் திரை உள்ள கம்ப்யூட்டர் இல்லை. நீல வர்ணம் அடித்த இரும்புப் பெட்டி, முகப்பில் பதினாறு சுவிட்சுகள், அவற்றுக்கு மேலே எட்டுச் சிவப்பு விளக்குகள். அப்பா அதைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தார். 1977-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. விற்காமல் நின்ற பெட்டிகளில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்தார்கள். கப்பலில் சென்னைக்கும் லாரியில் காரைக்காலுக்கும் அது வந்து சேர்ந்தது. அப்பாவும் வந்தார், நெஞ்சு நிறையச் சளியோடும் இருமலோடும். பெட்டியைப் பிரித்து முன்னறை மேசையில் வைத்துவிட்டு, "ஒடம்பு தேறட்டும், ஓட்டிக் காட்டுறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். உடம்பு தேறவில்லை. நாற்பதாவது நாள் இறந்துபோனார்.

அதனால் எங்கள் வீட்டில் யாரும் அந்த மெஷின் ஓடிப் பார்த்ததில்லை. பெரியப்பா இளையபெருமாளுக்கு அதில் ஒரு வசதி இருந்தது. "கம்ப்யூட்டரு செஞ்சானாம். அந்தக் கம்பெனில கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்திருப்பான். அத மூடையில ஓட்ட ஒடசலத் தலையில கட்டி அனுப்பிட்டானுவ" என்று உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் சொல்லுவார். சிரிப்பார்கள். என் அம்மா கமலாம்பாள் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

அந்த வருஷம் பெரியப்பா முன்னறையை வாடகைக்கு விட முடிவு செய்திருந்தார். வீடு பொதுவீடு, அவர் சொல்வதுதான் நடக்கும். தை பிறந்ததும் அறை காலியாக வேண்டும், பெட்டி பழைய இரும்புக்குப் போகும். அம்மா என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "ஒரே ஒரு தடவ எரிஞ்சிட்டா போதும்டி. அப்பறம் எங்க வேணா தூக்கிட்டுப் போவட்டும்."

இதை எல்லாம் நான் அக்காவிடம் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

நான் முதல் வேலையாக மெஷினின் பிளக்கைக் கையில் எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கரண்டுங்குறது கடைசில. கடல்ல உழுந்த இஞ்சின எடுத்த ஒடனே ஸ்டார்ட் பண்ணுவாங்களா? மொதல்ல தொறக்கணும்."

திறந்தோம். உள்ளே வரிசையாக ஏழு போர்டுகள் நின்றன. அவற்றின் மேல் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. ஒரு மூலையில் நான்கு பல்லி முட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பாக ஒரு புகைப்படிவு. அக்கா அதை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அது சாம்பிராணிப் புகை. ஆயுத பூசைதோறும் அம்மா அந்தப் பெட்டியை ஈரத்துணியால் துடைப்பாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சற்று உப்புக் கரிக்கும். பிறகு சாம்பிராணி காட்டுவாள். பிறகு பதினாறு சுவிட்சுக்கும் ஒன்றுவிடாமல் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பாள். அப்பா போன பிறகு தன் நெற்றிக்குப் பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டவள், அந்தச் சுவிட்சுகளுக்கு மட்டும் ஒரு வருஷமும் நிறுத்தவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே பராமரிப்பு அதுதான்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகே பெட்டியின் உட்புறத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. பிரெஞ்சில் 'சோதித்தவர்' என்று அச்சடித்து, எண் 23 என்று எழுதி, கீழே கையெழுத்து. பாரிசில் ஒட்டிய அந்தத் தாளில் கையெழுத்து தமிழில் இருந்தது: சொக்கநாதன்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். தகவல் பெரியப்பாவுக்கும் போயிற்று. "கையெழுத்துப் போட்டாப்ல ஆச்சா? ஓடட்டும் பாப்பம்" என்றார் அவர். அக்கா அந்தத் தாளின் மேல் மெழுகுத்தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினார். "இதுல ஒரு சொட்டுப் படக்கூடாது" என்றார். ஏன் சொட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மழைக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

கடலோரத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகின் டைனமோ கடலில் விழுந்தால், எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் அமிழ்த்தி வைத்துவிடுவார்கள். உப்பு காயவிடக் கூடாது. காய்ந்த உப்புதான் தின்னும். அக்காவின் கடைக்கு மண்டபத்தூரிலிருந்து வரும் டைனமோக்கள் பலநேரம் தண்ணீர் நிறைந்த அண்டாவிலேயே வந்து சேரும். இந்தப் பெட்டியில் உப்பு ஒன்பது வருஷமாகக் காய்ந்திருந்தது. அதைக் கரைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, குழாய்த் தண்ணீர் ஆகாது. பாட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் மாதிரி சுத்தமாக வேண்டும்.

"மொத மழ கூரையக் கழுவும். ரெண்டாவது மழ காத்தக் கழுவும். மூணாவது நாளு புடிக்கிறதுதான் நமக்கு" என்றார். மூன்றாவது நாள், முற்றத்தின் நடுவில், கூரைத் தண்ணீர் படாத இடத்தில் நான்கு எவர்சில்வர் அண்டாக்களை வைத்தோம். அப்பாவின் பழைய வேட்டியை மடித்து அந்தத் தண்ணீரை வடிகட்டினோம்.

அக்கா முதல் போர்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபோது அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"அய்யய்யோ, தண்ணியிலயா போடுற? அஞ்சுகம்! ஏண்டி, நீயும் பாத்துக்கிட்டு நிக்கிறியே!"

"கரண்டு இல்லாதப்ப தண்ணி ஒண்ணும் செய்யாதுக்கா. அழுக்குதான் எதிரி."

"தண்ணியும் கரண்டும் சேரக் கூடாதும்பாங்களே."

"சேரத்தான் கூடாது. ஒண்ணு போயி ஒண்ணு வரலாம்."

பெரியப்பா அதே சமயம் வாசலில் வந்து நின்றிருந்தார். "என்னாது, கம்ப்யூட்டரக் குளிப்பாட்டுறியளா? சீயக்கா வேணுமா?" என்றார்.

"ஒங்களுக்கு மிச்சம் வைக்கிறேங்க" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

மென்மையான தூரிகையால் ஒவ்வொரு போர்டையும் மூன்று தண்ணீரில் அலசினோம். முதல் அண்டாத் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. அக்கா அதை உடனே வாழையடியில் கொட்டிவிட்டார். இரண்டாவது கலங்கியது. மூன்றாவது கலங்கவே இல்லை.

வைண்டிங் கடைகளில், சுற்றிய கம்பிமேல் பூசும் வார்னிஷைக் காயவைக்க ஒரு பெட்டி இருக்கும். உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டி, அதில் பெரிய பெரிய பல்புகள். அக்கா அந்தப் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு ஒரே ஒரு நாற்பது வாட்ஸ் பல்பை மாட்டினார். அந்த இளஞ்சூட்டில் போர்டுகள் நான்கு நாள் இருந்தன. அந்த நான்கு நாளும் கடைக்கு வந்த மோட்டார்கள் எல்லாம் வார்னிஷ் காயாமல் காத்துக் கிடந்தன. கேட்டவர்களிடம், "உள்ள கொளந்த தூங்குது" என்றார். ஒருவர் நிஜமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்.

பிறகு ஒவ்வொரு போர்டின் விளிம்பிலும் இருந்த பித்தளைப் பற்களை என் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தோம். எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான், ஆகவே நான்தான் தேய்த்தேன். ஏழு போர்டுக்கும் மூன்று ரப்பர் தீர்ந்தது.

மார்கழி நடுவில்தான் மின்சாரத்தைத் தொட்டார். அதுவும் நேராக இல்லை. ஒரு மரப்பலகையில் பல்பு ஹோல்டரும் பிளக் பாயிண்டும் பொருத்திய சீரியல் போர்டைக் கொண்டுவந்தார். மெஷினுக்குப் போகும் மின்சாரம் அந்த பல்பின் வழியாகத்தான் போகும். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மெஷின் தப்பிக்கும். கோளாறு இல்லையென்றால் பல்பு ஒருகணம் எரிந்து மங்கும்.

போட்டார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். அக்கா சுவிட்சை அணைத்துவிட்டு, "பல்புதான எரிஞ்சுது, மெசினு எரியலயே" என்றார். தேடியதில் ஒரு பெரிய கன்டென்சர் அடிப்பக்கம் உப்பியிருந்தது. அதே அளவு கன்டென்சர் மைக் செட் வைத்திருந்த சேக் பரீது பாயிடம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரில் இருந்தது. அக்கா அவருக்குக் கல்யாண சீசனில் இரண்டு மோட்டாரை ஒரே நாளில் சுற்றிக் கொடுத்தவர். "அக்கா கேட்டா ஆம்ப்ளிஃபயரயே கழட்டித் தருவேன்" என்றார் பாய். கழற்றித்தான் தந்தார்.

இரண்டாம் தடவை பல்பு எரிந்து மங்கியது. மெஷினின் பின்னால் இருந்த சின்ன மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியிலிருந்து வந்த முதல் சத்தம். அம்மா அதன் பின்பக்கம் போய், காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள்.

ஆனால் விளக்குகள் ஓட வேண்டுமே. அதற்கு வழி அப்பாவின் நோட்டில் இருந்தது. பச்சை அட்டை போட்ட நோட்டு, முழுக்கப் பிரெஞ்சு, நான் பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. கடைசிப் பக்கங்களில் சோதனை முறை பன்னிரண்டு வரியாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எந்தச் சுவிட்சு மேலே, எந்தச் சுவிட்சு கீழே என்று வைத்து மெஷினின் நினைவில் ஏற்ற வேண்டும். பன்னிரண்டும் ஏறிய பிறகு ஓட்டினால், ஒரு விளக்கு இடமிருந்து வலம் நடந்து திரும்பி வரும். அடியில் அப்பா எழுதியிருந்தார்: 'போய்த் திரும்பி வந்தால் மெஷின் நல்லது. கையெழுத்துப் போடலாம்.'

நான் வாசித்தேன், அக்கா சுவிட்சுகளைப் போட்டார். மேலே, கீழே, கீழே, மேலே. பன்னிரண்டு வரி. ஒன்றும் ஓடவில்லை. மறுபடி வாசித்தேன். மறுபடியும் ஒன்றுமில்லை. பொங்கலுக்கு ஆறு நாள் இருந்தது. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையையே திரும்ப ஆய்ந்தாள்.

மூன்றாம் தடவை அக்கா என்னை நிறுத்தினார். "நீ தப்பா வாசிக்கல. நான் தப்பாப் போடல. எண்ணிக்க எனக்கு வுடாது" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தார். பதினாறில் ஐந்து சுவிட்சுகள் மேலே போகும்போது 'டிக்' என்று சொல்லவில்லை. போய் நிற்கிறது, ஆனால் உள்ளே தொடவில்லை.

அம்மா காபி போட உள்ளே போயிருந்தாள். அக்கா ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றி ஒரு சுவிட்சின் இடுக்கில் விட்டுத் திருகினார். பஞ்சு சிவப்பாக வந்தது. இன்னொன்று, அதுவும் சிவப்பு. களிம்புபோல் இறுகிய சந்தனமும் குங்குமமும். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். பேசாதே என்பதுபோல.

அம்மா டம்ளர்களோடு வந்து நின்றாள். தட்டில் கிடந்த சிவப்புப் பஞ்சுகளைப் பார்த்துவிட்டாள்.

"என்னா அது, செவப்பா?"

"துருதான்க்கா" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே பஞ்சுகளைக் கைக்குள் அள்ளிக்கொண்டார். "கடக்காத்து சும்மா வுடுமா? எங்க ஊட்டு சன்னல் கம்பியெல்லாம் இப்புடித்தான். நீங்க மூடி வச்சிப் பாத்துக்கிட்டதாலதான் இந்த அளவுக்காவது மிஞ்சிச்சு."

அம்மா காபியை நீட்டினாள். அக்கா இடது கையால் வாங்கிக்கொண்டார். வலது கை மூடியே இருந்தது.

எனக்குப் பிரெஞ்சும் தமிழும் எழுதப் படிக்கத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தில் 'துரு' என்ற சொல் இரண்டு மொழியிலும் எனக்குத் தோன்றியிருக்காது.

ஐந்து சுவிட்சும் 'டிக்' என்று சொன்ன பிறகு மறுபடி வாசித்தேன். பன்னிரண்டாவது வரி முடிந்தது. அக்கா எழுந்து, "நீங்க போடுங்கக்கா" என்று அம்மாவை உட்கார வைத்தார். எந்தச் சுவிட்சு என்று நான் காட்டினேன். அம்மா புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு அதைத் தள்ளினாள்.

இடது ஓரத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அது அணைந்து அடுத்தது எரிந்தது. பிறகு அதற்கடுத்தது. ஆறாவது விளக்கு மட்டும் எரியவே இல்லை. அந்த இடத்தில் ஒளி ஒரு கணம் காணாமல் போய், ஏழில் வெளியே வந்து, எட்டைத் தொட்டுத் திரும்பியது. போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது.

அம்மா அழவில்லை. "இதத்தான் சொன்னாரு" என்றாள். "நடந்து போயி நடந்து வரும்னு சொன்னாரு. நான் என்னமோ பொம்ம நடக்கும்னு நெனச்சேன்."

பெரியப்பா சாயங்காலம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். விளக்கு போய் வருவதைக் கால்மணி நேரம் பார்த்தார். எழும்போது, "ஆறாவது எரியலயே" என்றார்.

"அதுக்கு நம்மூர்ல பல்பு கெடைக்காதுங்க" என்றார் அக்கா.

"அவன் இருந்தா மாத்தியிருப்பான்" என்றார் பெரியப்பா. தன் தம்பியைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மெஷின் பழைய இரும்புக்குப் போகவில்லை. முன்னறைக்குக் குடித்தனம் வந்தது. மெஷின் அம்மாவின் அறைக்குப் போனது. அதைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் பெரியப்பாவும் ஒருவர்.

நோட்டின் கடைசியில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் முகவரி இருந்தது. அவருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதினேன். மாசி மாதம் பதில் வந்தது. மொத்தமே நாற்பது மெஷின்கள்தான் செய்தார்களாம். அவருக்குத் தெரிந்து இப்போது இருப்பவை இரண்டு, இரண்டும் ஓடாதவை. 'இருபத்து மூன்றாம் எண்ணைச் சரிசெய்த பொறியாளர் யார்?' என்று கேட்டிருந்தார். அதை அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இருக்காங்க, நில்லுங்கன்னு எழுது" என்றார்.

அவர் எங்களுக்குப் போட்ட ஒரே உத்தரவு, மெஷினைச் சும்மா போடக் கூடாது என்பது. கடல் கொந்தளிக்கிற மாதங்களில் படகுகள் கரையில் கிடக்கும்போதும் இஞ்சினை அவ்வப்போது ஓட்டி வைப்பார்களாம். சூடு பட்டால் உப்பு ஒட்டாது. அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஓட்டுகிறோம். அக்காவும் வருவார். மின்சாரம் நின்றால் மெஷினுக்கு எல்லாம் மறந்துபோகும். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு வரியையும் புதிதாகப் போட வேண்டும். முதலில் நான் வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு வருஷத்தில் அம்மாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. பிரெஞ்சு நோட்டு மூடியே இருக்கிறது.

1987 ஆயுத பூசையன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அம்மா காலையிலேயே சந்தனம் குழைத்தாள். நான் கவலையோடு அவள் பின்னாலேயே சுற்றினேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் மெஷினின் முன்னால் நின்று, காய்ந்த துணியால் மட்டும் தூசியைத் துடைத்தாள். சாம்பிராணியை அறைக்கு வெளியிலேயே வைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அன்னைக்கு அந்தப் பஞ்சுல சந்தன வாசம் அடிச்சுதுடி. துருவுல ஏது சந்தன வாசம்?"

துணியை உதறி மடித்தாள்.

"என்னயக் கொற சொல்லக் கூடாதுன்னு கையில மறைச்சிக்கிட்டா. அவ மறைச்சத நான் கேக்கக் கூடாதுல்ல?"

கொஞ்ச நேரத்தில் அக்கா கடையில் பூசையை முடித்துவிட்டுப் பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தார். அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு மெஷினைத் தாண்டிப் போனாள். சுவரோரம் அக்கா எங்களிடமே விட்டுவைத்திருந்த சீரியல் போர்டு இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அந்த மரப்பலகையின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைக்கப் போனாள்.

அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை.

"வைங்கக்கா. ஆனா மொதல்ல பிளக்கப் புடுங்கிடுங்க."

"புடுங்கிட்டுத்தான் ஒக்காந்தேன்" என்றாள் அம்மா.